கற்பூரம் பட்டு வயர் அறுந்ததாம்

1

நாகப்பட்டினத்திலிருந்து நம் ஊர்ச் சிறப்பு மலருக்கு எழுதச் சொல்லி இரண்டு தடவை கடிதம் போட்டுவிட்டீர்கள். இங்கே நடக்கும் தைப்பூசத்தைப் பற்றி எழுதலாம் என்று நோட்டில் பாதிப் பக்கம் தொடங்கியும் வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை நடந்ததற்குப் பிறகு என் கையில் வேறு எதுவும் வரவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம்.

செவ்வாய்க்கிழமையோடு மாரிமுத்துவின் கை போய் ஒரு வருஷம். மாரி என்னோடு வேலை செய்தவன். அன்றைக்கென்று பார்த்து எங்கள் கம்பெனியில் பாதுகாப்பு நாள் கொண்டாடினார்கள். பிறை என்ற இடத்தில் இருக்கும் கம்பெனி யார்டில் கொட்டகை போட்டு, ஆளுக்கு ஒரு நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும் ஒரு துண்டும் கொடுத்தார்கள். எங்கள் இன்ஜினியர் பாலா மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் பேசினார். நம் ஆள்தான். முடிக்கும்போது எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"சாமி கும்பிடுறதெல்லாம் வீட்டோட வச்சுக்குங்க. மூடநம்பிக்கையால போன வருஷம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

ஊரில் பலர் நான் கப்பலில் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. கனத்த சாமான்களுக்கு இரும்புக் கம்பி வடம் பூட்டித் தூக்குவதும் இறக்குவதும் என் தொழில். அந்த வடத்தை இங்கே வயர் என்போம். வீடு தீவில், ஜார்ஜ்டவுன் டத்தோ கிராமாட்டில். விடிந்ததும் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், பஸ் பிடித்துப் பிறை யார்டுக்குப் போவேன். அக்கரைக்குக் கடல்மேல் பாலம் திறந்த பிறகு இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். எனக்கு ஃபெரிதான். அங்கேதான் கந்தர் சஷ்டிக் கவசத்தை ஒரு முறை முழுதாகச் சொல்ல நேரம் கிடைக்கிறது.

போன வருஷம் கடலுக்கடியில் குழாய் பதிக்கும் வேலை வந்தது. குழாய்த் துண்டுகள் சேரும் இடத்தில் கடல் தரையில் உட்காரவைக்க ஒரு பெரிய இரும்புச் சட்டம் செய்தார்கள். நாலு கால். கால்கள் சேற்றில் புதைந்துவிடாதபடி அடியில் அகலமான தகடுகள். பார்க்கக் கட்டில் மாதிரி இருந்ததால் நாங்கள் கட்டில் என்றே கூப்பிட்டோம்.

அதை மேலே ஏற்றிக்கொண்டு போய் நடுக்கடலில் தூக்கி இறக்கும் அளவுக்குப் பெரிய கிரேன் எங்களிடம் இல்லை. அதனால் ஒரு வழி செய்தார்கள். கரையோரத்திலேயே கட்டிலைத் தண்ணீருக்குள் இறக்கி, ஒரு தொங்கானின் அடியில் இரண்டு வயரில் தொங்கவிட்டு, அப்படியே இழுவைப் படகால் இழுத்துக்கொண்டு போவது. தொங்கான் என்பது சரக்கு ஏற்றுகிற தட்டையான பெரிய மிதவை.

தண்ணீருக்குள் எடை குறையும், அது உண்மை. வாளியைக் கிணற்றில் இழுத்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் கடல் கிணறு இல்லையே. தொங்கான் அலையில் ஏறும்போது கட்டிலை மட்டுமா இழுக்கிறது? அந்த அகலத் தகடுகளின் மேல் உட்கார்ந்திருக்கிற தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறது. தொங்கான் சடாரென்று இறங்கும்போது கட்டில் அந்த வேகத்தில் இறங்காது, தண்ணீர் அதைத் தாங்கும். வயர் தளரும். அடுத்த அலையில் தொங்கான் ஏறும்போது தளர்ந்த வயர் வெடுக்கென்று இறுகும். தாளில் பதினைந்து டன் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வெடுக்கில் அது எத்தனை டன் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

இதை நான் எங்கும் படிக்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தோணியில் வெங்காய மூட்டை கொண்டு போய், வலையில் கட்டி, கப்பலிலிருந்து தொங்கும் கயிற்றில் மாட்டுகிற வேலை எனக்கு. "மேட்டுல தூக்கு! பள்ளத்துல தொடாத!" என்று தோணியை நடத்தும் தண்டல் தொண்டை கிழியக் கத்துவார். தோணி அலையின் உச்சிக்கு வரும்போது கயிறு இறுகியிருக்க வேண்டும். கொஞ்சம் தளர்வாக விட்டால் தோணி கீழே போனதும் மொத்தப் பாரமும் கயிற்றில் போய் விழும். ஒரு தடவை நான் அப்படி விட்டு, வலை கிழிந்து, வெங்காயம் கடலெங்கும் மிதந்தது. தண்டல் என்னை மூன்று நாள் தோணியில் ஏற்றவில்லை. அந்த மூன்று நாளில் படித்ததுதான் என் படிப்பு.

3

பெரிய பாரம் எதைத் தூக்கினாலும் முதலில் நாங்கள் சாமி கும்பிடுவோம். கொக்கிக்குச் சந்தனம் குங்குமம், தட்டில் வெற்றிலை மேல் கற்பூரம். வயருக்கும் கடலுக்கும் காட்டிவிட்டுத் தேங்காய் உடைப்போம். மலாய்க்காரத் தோழர்கள் ஒதுங்கி நின்று தங்கள் முறைப்படி வேண்டிக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. கடல் மேல் போகிறவர்களுக்கு அந்த மரியாதை இருக்கும்.

அன்று காலையும் நான்தான் தட்டைப் பிடித்தேன். பாலா முதல் ஆளாக வந்து இரண்டு கையையும் சுடரில் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதை நன்றாக நினைவில் வையுங்கள். அப்போது ஒரு காற்று அடித்து, எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தில் சின்ன வில்லை ஒன்று தட்டிலிருந்து வழுக்கி, வயரின் அடிமுனையைக் கட்டிலோடு பூட்டும் இரும்பு வளையத்தின் மேல் விழுந்தது. நான் விரலாலேயே தட்டி அணைத்தேன். மாரி சிரித்தான்.

"அண்ணே, சாமியே வயருக்கு ஸ்டாம்பு குத்திருச்சு."

மாரிக்கு முப்பது வயது. வயரைச் சுற்றி இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் அவன்தான் நிற்பான். அதன் பக்கத்தில் யாரையும் விடமாட்டான்.

கட்டிலைத் தண்ணீரில் இறக்கி, பாலத்தைத் தாண்டித் தெற்கே போகும்வரை கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. தீவின் தென்முனை வந்ததும் மேற்கே கறுத்தது. இங்கே சுமத்ரா காற்று என்பார்கள், திடீரென்று வரும். முதலில் காற்று வரவில்லை, அலைதான் வந்தது. நான் வயரின் பக்கத்தில் தளத்தில் உள்ளங்காலை ஊன்றி நின்றேன். அதிர்வு காலில் தெரியும். வயர் தளர்கிறது, இறுகுகிறது, தளர்கிறது. இறுகும்போதெல்லாம் ஒரு முனகல்.

"சார், வயரு தளந்து தளந்து இழுக்குது. படகை மெதுவா போகச் சொல்லுங்க. இல்லாட்டி நிப்பாட்டி, காத்து போற வரைக்கும் நிப்போம்."

"அண்ணே, தண்ணிக்குள்ள அது லைட்டுதான்லா. வயரு அதுக்கு ரெண்டு மடங்கு தாங்கும். கணக்கு போட்டாச்சு."

"உங்க கணக்கு நிக்கிற தண்ணிக்கு சார். இது ஆடுற தண்ணி."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நீரோட்டம் நிற்கும் நேரத்துக்குள் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய வேலை போச்சு. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதான் கற்பூரம் காட்டியாச்சே. அப்புறம் என்ன பயம்?"

சொல்லிவிட்டு வாக்கி டாக்கியை எடுத்து இழுவைப் படகுக்காரரிடம், "லாஜு சிக்கிட்" என்றார். கொஞ்சம் வேகமாக என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தையை நான் என் காதால் கேட்டேன். மாரியும் கேட்டான்.

வேகம் கூடியதும் கட்டில் பின்னால் இழுபட்டு வயர்கள் சாய்ந்தன. நாலாவது அலையா ஐந்தாவதா தெரியாது. தொங்கான் பள்ளத்தில் இறங்கியது. வயர் தொய்ந்து தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன். "மாரி, கீழ படு!" என்று கத்தினேன். தொங்கான் ஏறியது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வலது பக்க வயர் அறுந்து, பாம்பு மாதிரி தளத்தின் மேல் சுழன்று வந்தது.

மாரி படுக்கவில்லை. அவன் வின்ச்சை விடவில்லை. விட்டிருந்தால் இன்னொரு வயரும் ஓடியிருக்கும், தொங்கான் சாய்ந்திருக்கும், நாங்கள் ஏழு பேரும் கடலில் இருந்திருப்போம்.

வயர் அடித்ததில் அவன் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணே, நான் வின்ச்சச் சரியாத்தானே புடிச்சேன்?"

4

பத்து நாள் கழித்து யார்டு கேன்டீனில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அரசாங்க விசாரணைக்குத் தான் எழுதிய அறிக்கை என்று பாலா ஒரு தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, இங்க ஒரு சைன். வார்னிங் மட்டும்தான், வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அவர் குரலைத் தணித்தார்.

"நீங்க இன்னும் சிவப்பு ஐ.சி.தானே? நீல ஐ.சி.க்கு மனு போட்டிருக்கீங்க. இந்த நேரத்துல கவர்மெண்ட் ஆபீசர்கிட்ட வம்பு எதுக்குலா?"

ஐ.சி. என்பது அடையாள அட்டை. சிவப்பு அட்டை என்றால் இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை; குடிமகனுக்கு நீலம். மூன்று தடவை மனு போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசை. ஒரு தடவை என் மலாய் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். சந்தையில் மீன் வாங்குகிற மலாய் அது, ஆபீசுக்கு ஆகாது. அந்தப் புண்ணில்தான் அவர் விரலை வைத்தார்.

வீட்டில் என் மகள் கலைவாணியிடம் தாளைக் கொடுத்தேன். பாரம் ஐந்து படிக்கிறாள், பெரிய பரீட்சை எழுதும் வகுப்பு. தம்பியோடு ஆங்கிலம், தோழிகளோடு மலாய், என்னோடும் அம்மாவோடும் மட்டும் தமிழ், அதுவும் சோறு தண்ணீர் அளவுக்கு. தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. பக்கத்துப் பள்ளிக்கூடம் என்று மலாய்ப் பள்ளியில் சேர்த்தவன் நான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அவள் படித்துவிட்டுத் தயங்கினாள்.

"அப்பா, நீங்க நெருப்பு வச்சீங்கன்னு போட்டிருக்கு. கற்பூரத்த வயர் மேல கொளுத்துனதால அந்தச் சூட்டுல வயர் வீக் ஆயிருச்சாம். அதனாலதான் மாரி அங்கிள் கை..."

நான் தாளை வாங்கி மடித்தேன்.

"நெசமாவே வயர் மேல விழுந்துச்சாப்பா?"

"ஒரு சின்ன வில்லை விழுந்துச்சு."

"ஏம்ப்பா வேலை செய்யிற எடத்துல இதெல்லாம்? மாலுவா இருக்குப்பா." மாலு என்றால் வெட்கம்.

அன்றிலிருந்து மூன்று வாரம் நான் வீட்டில் கற்பூரம் ஏற்றவில்லை. வீட்டுக்காரி விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். வில்லை விழுந்தது உண்மைதானே? நான் முருகனுக்குக் காட்டிய நெருப்புதான் ஒரு பிள்ளையின் கையைத் தின்றதா? படத்துக்கு முன்னால் நின்று இதையே கேட்டேன். பாலா எழுதியது என்னைச் சுட்டது. அதைவிட, அதை நானே பாதி நம்பியதுதான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

5

கையெழுத்துப் போடாமல் நாளைக் கடத்தினேன். ஒரு மத்தியானம் ஸ்டோர்க்காரரிடம் கேட்டு, அறுந்த வயரைப் பார்க்கப் போனேன். கட்டிலைத் திரும்ப இழுத்துவந்தபோது கழற்றி, மூலையில் சுருட்டிப் போட்டிருந்தார்கள். மண்டியிட்டு அடிமுனையிலிருந்து, இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்று அளந்துகொண்டு போனேன்.

கற்பூரம் விழுந்த வளையம் இருந்த முனை புதிதாக இருந்தது. ஒரு இழைகூடப் பிரியவில்லை. அறுந்த இடம் அங்கிருந்து பதினோரு பாகம் தள்ளி, மேலே கப்பியில் வளைந்து ஓடுகிற இடத்தில் இருந்தது. ஒவ்வொரு இழையும் இழுபட்டு, மெலிந்து, சீவிய பென்சில் முனை மாதிரி கூராக இருந்தது. வெந்த கம்பி அப்படி அறாது. வெடுக்கென்று இழுபட்ட கம்பிதான் அப்படி அறும்.

ஸ்டோரிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகுதான் கோபம் வந்தது. அந்த வில்லையை நான் வெறும் விரலால் அணைத்தேன். வயரே வெந்துபோகிற சூடு என்றால் என் விரல் மட்டும் எப்படி வேகாமல் இருந்தது? இந்த ஒரு கேள்வியைப் படித்த மனிதர் ஒருவர்கூட கேட்கவில்லையே!

வீட்டுக்கு வந்து எவர்சில்வர் தட்டு ஒன்றில் நாலு ஓட்டை போட்டேன். வீட்டுக்காரி திட்டினாள். தையல் நூலைக் கட்டித் தராசுத் தட்டு மாதிரி, குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். மெதுவாகத் தூக்கினால் நூல் தாங்கியது. கையைச் சட்டென்று இறக்கி, நூல் தொய்ந்ததும் வெடுக்கென்று தூக்கினால் அறுந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அறுந்தது.

வாசலில் கலைவாணி நின்றிருந்தாள். "இன்னொரு தடவை செய்ங்கப்பா" என்றாள். பிறகு அவளே கையை நனைத்துச் செய்து பார்த்தாள். "தட்டு வெயிட்டு மட்டும் இல்ல, மேல இருக்கிற தண்ணியும் சேந்து வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து ஏதோ எழுதினாள். அது எனக்கு விளங்கவில்லை.

"விசாரணைக்கு நான் வரேம்ப்பா. உங்க மலாய் வேணாம்."

6

ஜார்ஜ்டவுனில் அரசாங்க ஆபீஸ். மலாய் அதிகாரி வயதானவர், பொறுமைக்காரர். ஒரு பக்கம் பாலா, டை கட்டி. இன்னொரு பக்கம் நானும், பள்ளிச் சீருடையில் என் மகளும்.

அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு, நெருப்பு வைத்தது உண்மையா என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன், கலைவாணி மலாயில் சொன்னாள். வில்லை விழுந்ததையும் மறைக்கவில்லை. பிறகு ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். பியூன் கழிப்பறையிலிருந்து கொண்டுவந்தார். பாலா மூக்கைச் சொறிந்தார்.

கொண்டுபோயிருந்த தட்டை நூலில் கட்டி, வாளிக்குள் விட்டுக் காட்டினேன். அதிகாரி சட்டைக்கையை மடித்துக்கொண்டு எழுந்துவந்து தானே இழுத்தார். நூல் அறுந்து தட்டு வாளிக்குள் விழுந்தது. மறுபடி கட்டச் சொன்னார். மறுபடி அறுத்தார். உட்கார்ந்து, அளவுகோல் வைத்து, கற்பூரம் என்று எழுதியிருந்த வரியின் மேல் கோடு போட்டார்.

நான் கை கூப்பினேன். ஆனால் அந்த இடத்தில் அவர் என்ன எழுதினார் தெரியுமா? எதிர்பாராத அலை. அவ்வளவுதான். யார் வேகம் கூட்டச் சொன்னது, யார் எச்சரித்தது, எதுவும் இல்லை. கையெழுத்துப் போடு என்றார்.

நான் பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு மேலே தமிழில் மூன்று வரி எழுதினேன். அலை எதிர்பார்த்த அலைதான். மெதுவாகப் போகச் சொன்னேன். இன்ஜினியர் பாலா படகை வேகமாகப் போகச் சொன்ன பிறகு வயர் அறுந்தது.

அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். மகளிடம் நீட்டினார். அவள் முகம் சிவந்தது. தெரியாது என்று தலையசைத்தாள். தாளைப் பாலாவிடம் கொடுத்தார். அந்த அறையில் என்னைத் தவிர தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பாலா நிதானமாகப் படித்தார். பிறகு மலாயில் சொன்னார்: "நடந்ததற்குக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன், அதிகாரிக்கு நன்றி என்று எழுதியிருக்கிறார்."

அந்த அளவு மலாய் எனக்குத் தெரியும். எழுந்துவிட்டேன்.

"பொய்! சார் பொய் சொல்றாரு!"

கலைவாணி என் கையைப் பிடித்தாள். "அப்பா, கத்தாதீங்க. நீங்க எழுதுனத ஒவ்வொரு வார்த்தையா எனக்குச் சொல்லுங்க."

சொன்னேன். அவள் எழுந்து நின்று, பாலாவைப் பார்த்தபடியே, நல்ல மலாயில், பெயரோடு சொன்னாள். அதிகாரி பாலாவை வெகுநேரம் பார்த்தார். பாலா டையைச் சரிசெய்துகொண்டார். கடைசியில் அதிகாரி ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். 'தொழிலாளி இப்படிச் சொல்கிறார்' என்று எழுதினாராம். மாரியை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒருவர் சொல்லுக்கு இன்னொருவர் சொல் சரியாகப் போய்விட்டது. பாலாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீல அட்டை மனு மட்டும் இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது.

7

கோடு போட்டு அடித்த அதே வரியைத்தான் ஒரு வருஷம் கழித்து, இந்தச் செவ்வாய்க்கிழமை, பாலா மைக்கில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சகர் தீபாராதனைத் தட்டோடு வந்தார். எனக்கு அடுத்து இரண்டு கை நீண்டது. பார்த்தால் பாலா. பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அன்று தொங்கானில் செய்த மாதிரியே.

வெளியே வந்ததும் அவரே பேசினார். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்கலா. ஆபீஸ் வேற, சாமி வேற."

"சார், மாரி வீடு இங்கேருந்து அஞ்சு நிமிஷ நடை. ஒரு வருஷமா நீங்க அந்தப் படி மிதிக்கல. மொதல்ல அங்க போங்க. அவன் எடது கையால உங்களுக்குத் திருநீறு பூசிவிடட்டும். அப்புறம் என் மனசப் பத்திப் பேசுவோம்."

"இன்னொரு நாள் போறேன் அண்ணே. கெரேத்தாவ வழியில நிறுத்திட்டு வந்திருக்கேன்" என்று சாவியை ஆட்டிக்கொண்டே காரைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு மாரி வீட்டுக்குப் போனேன். அவன் இப்போது கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து இடது கையால் பதிவு எழுதுகிறான். எழுத்து இன்னும் கோணல்தான். பொங்கலை வாங்கிக்கொண்டு கேட்டான்:

"கூட்டமாண்ணே? பாலா சார் வந்திருந்தாரா?"

"வந்திருந்தாரு."

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

அவன் முகத்தில் ஒரு ஆசை இருந்தது. கேட்டார் என்று சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதானே என்று தோன்றியது. அந்த ஆளுக்காக நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"கேக்கலடா" என்றேன்.